தாயினும் நல்ல தலைவர்: அம்மாவை நினைத்து ஒரு சித்திரைப் பூரணை

இலங்கையில் எங்கள் சனங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. தகப்பனை இழந்தவர்கள் ஆடி அமாவாசைக்கு விரதம் இருப்பார்கள். தாயை இழந்தவர்கள் சித்திரைப் பூரணைக்கு இருப்பார்கள். அப்பாவுக்கான அமாவாசைச் சமையலை எத்தனையோ வருடமாக அம்மாதான் பார்த்துவந்தார். இந்த வருடம் பூரணை விரதமும் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டது. 89 வயது வரை வாழ்ந்து, கடைசிக் கிழமை வரை தன் சீலையைத் தானே துவைத்த அம்மா போய்விட்டார்.

அக்கா, தங்கச்சி, நான் மூன்று பேரும் விடியவே கடற்கரையில் தர்ப்பணம் கொடுத்துவிட்டு கோணேசர் கோயிலுக்குப் புறப்பட்டோம். திருகோணமலைக்கு வராதவர்களுக்காக ஒன்று சொல்ல வேண்டும். கோயிலுக்குப் போகும் வழி பிரெட்ரிக் கோட்டைக்குள்ளால்தான் போகிறது. 1620களில் போர்த்துக்கேயர் மலைமேல் இருந்த பழைய கோயிலை இடித்து, அந்தக் கற்களைக் கொண்டே இந்தக் கோட்டையைக் கட்டினார்கள். வாசல் கல்லில் பாண்டியரின் கயல் சின்னம் இன்னும் தெரியும். அம்மா ஒரு நாளும் அந்த வாசலைச் சும்மா கடந்ததில்லை. கல்லைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். “கோயில் இங்கயே தொடங்கிட்டுது தம்பி, செருப்பைக் கழட்டு” என்பார். அன்றைக்கு நாங்களும் கழற்றிவிட்டுத்தான் நடந்தோம். மான்கள் வழக்கம்போல் வழிமறித்து நின்றன.

அம்மா 1935இல் தம்பலகாமத்தில் பிறந்தவர். மலைக்கோயில் இடிபட்ட பிறகு, காப்பாற்றிய திருவுருவங்களை வைத்து வயல்களுக்கு நடுவே எழுப்பிய ஆதிகோணநாயகர் கோயில் இருக்கிற ஊர் அது. நெல்லும் எருமைத் தயிரும் கோயில் மணியுமாக வளர்ந்தவர். 1950இல் கோணேசர் மலைக்குக் கிட்ட கிணறு வெட்டியபோது மண்ணுக்குள்ளிருந்து சோமாஸ்கந்தர், அம்பாள், பிள்ளையார் என்று வெண்கலத் திருமேனிகள் வெளிவந்தன. அப்போது அம்மாவுக்கு 15 வயது. வயலில் வேலையாக இருந்தவர்கள் மண்வெட்டியைப் போட்டுவிட்டு நகரத்துக்கு ஓடினதைச் சொல்லும்போது, எண்பது வயதிலும் அவர் குரல் உயர்ந்துவிடும். அந்தத் திருமேனிகளைத் திரும்ப எழுந்தருளச் செய்து 1963இல் குடமுழுக்கு நடந்தது. மூத்த அண்ணாவை இடுப்பில் வைத்துக்கொண்டு அம்மா போயிருக்கிறார். முந்நூறு வருடத்துக்கு மேல் இந்த ஊர் இழந்திருந்ததைத் திரும்பப் பெற்ற நாளில் எங்கள் தாய் அங்கே நின்றார் என்பது எங்களுக்கெல்லாம் பெரிய பெருமை.

பூரணை நாளுக்கான போயா விடுமுறை என்பதால் கூட்டம் நிறைய. அம்மாவின் பெயரும் நட்சத்திரமும் சொல்லி மோட்ச அர்ச்சனை செய்தோம். அர்ச்சனைத் தட்டில் அம்மாவின் பெயர் இது நாள்வரை இருந்த வரிசையில் இல்லை. அப்பாவின் பெயரோடு சேர்ந்துவிட்டது. தங்கச்சி அந்த இடத்தில் உடைந்துபோனாள். ஓதுவார் யாரும் இல்லாத நேரம். அக்கா மெல்லச் சம்பந்தரின் கோணமாமலைப் பதிகத்தைத் தொடங்கினார். சம்பந்தர் கடல் கடந்து வராமல் இராமேச்சுரத்திலிருந்தே பாடியதாகச் சொல்வார்கள். மூன்றாம் திருமுறையில் இருக்கிற பதிகம். “தாயினும் நல்ல தலைவர்” என்று தொடங்கும் பாட்டு வந்தபோது மூன்று பேருக்கும் தொண்டை அடைத்தது. அம்மா விளக்கு வைக்கிற நேரம் எங்களை உட்கார வைத்துச் சொல்லித்தந்த பாட்டு அது. அர்த்தம் சொல்லித்தரவில்லை, ராகமும் பெரிதாக இல்லை. அடுப்பில் சோறு கொதிக்கக் கொதிக்க, அகப்பையும் கையுமாகப் பாடிக்கொண்டே வந்து எங்கள் பிழையைத் திருத்துவார்.

பிறகு இராவணன் வெட்டுக்குப் போனோம். மலை பிளந்து கீழே கடல் தெரிகிற இடம். வருகிறவர்கள் எல்லாருக்கும் அகங்காரத்தில் மலையைத் தூக்கப் போன இராவணனைத்தான் தெரியும். அம்மா அந்தக் கதையை வேறு விதமாகச் சொல்வார். இராவணனின் தாய் கோணேசரை வணங்க ஆசைப்பட்டாள். வயதான தாய்க்காக மகன் மலையையே பெயர்த்துக் கொண்டுபோகப் பார்த்தான். “பெத்தவ கேட்டவ, பிள்ளை கொடுக்க நினைச்சவன். பிழைதான், ஆனா எந்தத் தாய்க்கு அந்தப் பிழையில கோபம் வரும்?” இதைச் சொல்லிவிட்டுத்தான் தேங்காய் உடைப்பார். எனக்கு அம்மாவின் கணக்குத்தான் சரியென்று படுகிறது. இந்த மலையின் கதை முழுக்க ஒரு தாயைச் சுற்றித்தான் நடக்கிறது.

கன்னியாவையும் அதே கதையில்தான் சேர்க்க வேண்டும். நகரத்திலிருந்து ஏறக்குறைய 8 கிலோமீட்டர். தாய் இறந்த செய்தி கேட்ட இராவணன் அந்தியக் கிரியை செய்வதற்காக அங்கே ஏழு வெந்நீர் ஊற்றுகள் உண்டாயின என்பது ஐதீகம். சிறிய சதுரக் கிணறுகள், ஒவ்வொன்றின் சூடும் கொஞ்சம் வேறு. அம்மாவின் முப்பத்தோராம் நாள் கிரியைக்கு நாங்கள் அங்கேதான் போனோம். இராவணன் தன் தாய்க்குச் செய்த இடத்தில் நானும் என் தாய்க்குச் செய்கிறேன் என்ற எண்ணம் அந்தத் துக்கத்துக்குள் எனக்குப் பெரிய பிடிமானமாக இருந்தது.

அம்மா வீட்டைவிட்டு வேலைக்குப் போனவர் இல்லை. எந்தப் பதவியும் அவருக்கு இருந்ததில்லை. ஆறு பிள்ளைகள், மாமியார், மாடு, கோழி, அப்பாவின் கூட்டாளிகள், நினைத்த நேரத்தில் வந்திறங்கும் தம்பலகாமத்துச் சொந்தங்கள், எல்லாருக்கும் அவர்தான் சோறு. சிவராத்திரிக்கு அடுத்த நாட்களில் கோணேசர் நகர்வலம் வரும்போது எங்கள் வாசலில் நிறைகுடம் வைப்பது அவர் பொறுப்பு. அதற்கு முதல்நாளே முற்றத்தைச் சாணம் தெளித்து மெழுகிவிடுவார். சுவாமி வீட்டுக்கு வருகிறார், விருந்தாளிக்குச் செய்வதைவிடக் குறையக்கூடாது என்பார்.

இதைச் சொல்லாமல் விட முடியாது. ஒவ்வொரு நேரமும் உலைக்கு அரிசி அளக்கும்போது ஒரு பிடியை எடுத்துத் தனிப் பானையில் போடுவார். பிடியரிசி. பானை நிறைந்தால் கோயில் அன்னதானத்துக்குப் போகும். 1990இல் போரால் ஊரைவிட்டு ஓடவேண்டி வந்தபோது வீட்டில் கைக்கு அகப்பட்ட அரிசி அதுதான். அம்மா அதைச் சீலையில் முடிந்துகொண்டார். வழியில் கூட வந்த குடும்பங்களுக்கும் சேர்த்து அதில் கஞ்சி வைத்தார். ஊர் திரும்பி, கூரை பாதி இல்லாத வீட்டில் முதல் உலை வைத்த அன்றே மறுபடி பிடி போடத் தொடங்கினார். பானை நிறைந்ததும் கோயிலில் கொண்டுபோய்க் கொட்டி, “இது பழைய கடன், புதுக் கணக்கு இனித்தான்” என்றார். பிள்ளைகள் உயிர் பிழைக்க எடுத்ததைக்கூட அவர் சாமியிடம் வாங்கிய கடனாகத்தான் வைத்திருந்தார்.

கோயிலிலிருந்து வந்ததும் அக்கா அடுப்படிக்குப் போனார். கத்தரிக்காய்ப் பால்கறி, பருப்பு, வாழைக்காய், பயற்றம் பாயாசம் என்று அம்மாவுக்குப் பிடித்ததெல்லாம். காகத்துக்கு வைத்த பிறகுதான் நாங்கள் சாப்பிட்டோம். பால்கறியில் அம்மாவின் கை இல்லை என்று தங்கச்சி சொன்னாள். உண்மைதான்.

பின்னேரம் பக்கத்துக் கோயிலில் சித்திரகுப்தர் கதை படித்துக் கஞ்சி வார்த்தார்கள். அம்மா போனதிலிருந்து அக்கா அந்தப் பானையில் பிடி போட்டு வருகிறார். அதைக் கஞ்சிக்குக் கொடுத்தோம். வரும் சிவராத்திரிக்கு நிறைகுடம் வைப்பது தங்கச்சி. அவளுக்கு முற்றம் மெழுகத் தெரியாது, அக்கா முதல்நாளே வந்து காட்டித்தருவதாகச் சொல்லியிருக்கிறார்.