தனக்காவைக் கழுவிய பிறகு

ரங்கூன், ஏப்ரல் 4
இந்த வெயிலில் நெற்றியில் எது முளைத்தாலும் பரு என்றுதான் பெயர். பரு தானா என்று பார்ப்பதற்கு முன் முகத்தில் பூசிய தனக்கா (பர்மியர் அரைத்துப் பூசும் மரப்பட்டைச் சாந்து) போக வேண்டும். தேய்த்துக் கழுவினால் தோல் சிவந்து கண்ணை ஏமாற்றும். ஈரப் பஞ்சால் ஒற்றி எடுத்து, பத்து நிமிடம் ஆறவிடுங்கள். பிறகு நோயாளியை ஜன்னலோரம், வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி உட்கார வைத்து, கன்னத்தை இரண்டு விரலால் இழுத்துப் பிடியுங்கள். தோல் நிறத்திலேயே ரவை ரவையாக எழும்பும். அவை மயிர்த்துளையில் வாய் மூடிய அடைப்புகள். (வெண்புள்ளி என்று குறித்தால் தோல் நிறமிழக்கும் நோயோடு குழம்பும்.) வாய் திறந்தது கரும்புள்ளி. அந்தக் கறுப்பு அழுக்கல்ல, தோலுக்கு நிறம் தரும் மெலனின். எத்தனை சோப்பு போட்டாலும் போகாது.

ஏப்ரல் 6
அடைப்பே கண்ணில் படவில்லையா, பரு என்று எழுத அவசரம் வேண்டாம். இருந்தால் எண்ணுங்கள்: சிவந்ததும் சீழ் வைத்ததும் சேர்த்து 15-க்குள் என்றால் லேசு, 50 வரை நடுத்தரம். ஆழத்தில் உருண்டு வலிக்கும் கட்டிகள் ஐந்தைத் தாண்டினால் மற்றதை எண்ணவே வேண்டாம், கடுமைதான். நம் மாநிறத் தோலில் ஆறிய பருவும் மாதக்கணக்கில் கறையாக நிற்கும். தடவிப் பார்த்தால் மட்டமாக இருக்கும். அதைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

ஏப்ரல் 9
அரிக்கிறதா என்று கேட்காமல் விடுவதுதான் பெரிய தவறு. நெற்றியின் முடியோரம், மார்பு, மேல்முதுகு எங்கும் ஒரே அளவில், 1–2 மில்லிமீட்டர் குருக்கள், கடும் அரிப்பு, அடைப்பு ஒன்றுகூட இல்லை: மலசீசியா பூஞ்சையாக இருக்கலாம். சுரண்டி எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தால் தெரிந்துவிடும். பருவென்று டாக்சிசைக்ளின் என்ற ஆன்டிபயாட்டிக் கொடுத்தால் இன்னும் பெருகக்கூடும். வியர்க்குரு என்றால் காற்றோட்டத்தில் சில நாளில் அடங்கும்.

ஏப்ரல் 12
தடவும் க்ரீம் டப்பாவைக் கையோடு கொண்டுவரச் சொல்லுங்கள். சிவப்பழகு க்ரீமில் பீட்டாமெத்தசோனோ குளோபெட்டசாலோ (இரண்டும் ஸ்டீராய்டு மருந்துகள்) இருந்தால், ஒரே கட்டத்தில் உள்ள பருக்கள் கூட்டமாகக் கிளம்பும். காசநோய்க்கான ஐசோனியசிட், வலிப்புக்கான ஃபெனிடாயின் மாத்திரைகளும் இப்படிச் செய்யும். அதற்காக மாத்திரையைத் தாமாக நிறுத்தக் கூடாது.

ஏப்ரல் 19
பருவுக்கு ரத்தப் பரிசோதனை பொதுவாகத் தேவையில்லை. மாதவிடாய் 35 நாளுக்கு மேல் தள்ளிப்போய், தாடையில் முடியும் தடித்தால் மட்டும் ஹார்மோன் பார்க்க வேண்டும். பருக்கள் திடீரென்று புண்ணாகி, காய்ச்சலும் மூட்டுவலியும் சேர்ந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரி.