எரேமியாவின் கடிதத்தை முழுவதும் வாசித்த பிறகு

புலம்பெயர்ந்து வந்த கிறிஸ்தவர்கள் விரும்பிப் பற்றிக்கொள்ளும் வசனங்களில் ஒன்று, வேதாகமத்தில் எரேமியா தீர்க்கதரிசியின் நூலிலுள்ள 29:11. “அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே” என்னும் அந்த வாக்கை, நிரந்தர வதிவிட உரிமைக்காகக் காத்திருந்த காலமெல்லாம் நானும் என் மனைவியும் சொல்லிச் சொல்லி ஜெபித்தோம். உரிமை கிடைத்தது. பின்னர் நல்ல வேலையும் பதவி உயர்வும் சொந்த வீடும் வந்தன. ஒவ்வொன்றுக்கும் உண்மையாகவே நன்றி செலுத்தினோம்; ஆனால் அந்த மகிழ்ச்சி அடங்குவதற்குள் அடுத்த தேவை மனத்தில் முளைத்துவிடும். புலம்பெயர்ந்தவரின் வெற்றியை ஊரில் இருப்பவர்களும் அளக்கிறார்கள், உடன் வந்தவர்களும் அளக்கிறார்கள். இரு தரப்பினரின் கணக்கிலும் தேறுவதற்கு ஒரு வாழ்நாள் போதாது.

அந்நாட்களில் எங்கள் தமிழ்ச் சபையின் வேதபாடத்தில் அந்த அதிகாரத்தைத் தொடக்கத்திலிருந்து வாசித்தோம். கி.மு. 597-இல் பாபிலோன் அரசன் நேபுகாத்நேச்சார் எருசலேமிலிருந்து யூதாவின் அரசன் எகொனியாவோடு தன் நாட்டுக்குச் சிறைபிடித்துச் சென்ற மக்களுக்கு எரேமியா எழுதிய கடிதம் அது. இரண்டே ஆண்டுகளில் அனைவரும் திரும்பிவிடுவார்கள் என்று அனனியா என்பவன் முன்னுரைத்திருந்தான். எரேமியாவோ, வீடு கட்டுங்கள், தோட்டங்களை நாட்டுங்கள், பிள்ளைகளுக்குத் திருமணம் செய்துவையுங்கள், எழுபது ஆண்டுகள் ஆகும் என்று எழுதினார். அப்படியானால் கடிதத்தைக் கேட்ட பெரியவர்களில் பெரும்பாலோர் அந்நிய மண்ணிலேயே இறந்திருப்பார்கள். நாங்கள் விசாவுக்காகச் சொல்லி ஜெபித்த வசனம் முதலில் அவர்களுக்குத்தான் சொல்லப்பட்டது. திரும்புதலைக் காணப்போகாத அவர்களுக்கும், ஆலயமே இல்லாத அந்த நாட்டிலேயே, முழு இருதயத்தோடும் தேடினால் என்னைக் கண்டுபிடிப்பீர்கள் என்று கர்த்தர் வாக்களித்தார்.

இதை நான் அறிவால் ஏற்றுக்கொண்ட சில மாதங்களில் நான் பணிபுரிந்த நிறுவனம் ஆட்குறைப்புச் செய்தது. என் வேலை போயிற்று. கடன் தவணையை நினைத்து உறக்கமில்லாத இரவுகள் இருந்தன என்பதை மறைக்கமாட்டேன். ஆயினும் விடியற்காலையில் வேதத்தைத் திறந்து அமர்ந்தபோது, பதவியில் இருந்த ஆண்டுகளில் ஒருபோதும் அறியாத ஓர் அமைதி எனக்குள் இருந்தது. கிறிஸ்து என்னை நேசிக்கிறார் என்பதற்கு என் சம்பளச் சீட்டு சான்றாக இருக்கவேண்டியதில்லை என்பதை அப்போதுதான் உணர்ந்தேன். எந்த நிலைமையிலும் மனரம்மியமாயிருக்கக் கற்றுக்கொண்டேன் என்று அப்போஸ்தலன் பவுல் பிலிப்பி சபையாருக்கு எழுதியதும் காவலில் கட்டுண்டிருந்த காலத்தில்தான்.

அதனால்தான், விசாவையும் வீட்டையும் மட்டுமே ஆசீர்வாதமாக எண்ணிச் சொல்லப்படும் சாட்சிகள் என்னை வருத்துகின்றன. அதே கூட்டத்தில், விண்ணப்பம் மறுக்கப்பட்ட ஒரு குடும்பம் கடைசி வரிசையில் அமர்ந்திருக்கக்கூடும். அவர்களைக் கர்த்தர் மறந்துவிட்டார் என்றா நாம் சொல்லப்போகிறோம்?

இப்போது முன்பைவிடச் சிறிய பொறுப்பில், குறைந்த ஊதியத்தில் வேலை செய்கிறேன். அதைக் கர்த்தருக்கென்று கருத்தாய்ச் செய்கிறேன். நீங்கள் சிறைப்பட்டுச் சென்றிருக்கும் பட்டணத்தின் சமாதானத்தைத் தேடுங்கள் என்று அதே கடிதம் சொல்வதால், வாரந்தோறும் நாங்கள் கூடி இந்நகரத்தின் மருத்துவமனைகளுக்காகவும் பள்ளிகளுக்காகவும், எங்கள் மொழி அறியாத அண்டை வீட்டாருக்காகவும் பெயர் சொல்லி ஜெபிக்கிறோம்.