க்யூசெக், க்யூமெக்: ஒரே எழுத்து, 35 மடங்கு

எங்கள் ஊர் அணைக்கரைக்குப் பக்கம், கொள்ளிடத்தின் தென்கரை. ஆடி பிறந்துவிட்டால் என் ஜெராக்ஸ் கடைக்கு நகல் எடுக்க வருகிறவர்களைவிட, "தம்பி, மேட்டூர்ல எவ்வளவு திறந்திருக்கான்?" என்று கேட்டு வருகிறவர்கள்தான் அதிகம்.

ஒரு வெள்ள சமயத்தில் ஊர் வாட்ஸ்அப் குழுவில் ஆங்கிலத்தில் ஒரு செய்தி சுற்றியது. ஆற்றில் மூவாயிரம் க்யூமெக் தண்ணீர் வருகிறதாம். படுகையில் வாழை போட்டிருந்த பெரியப்பா ஒருவர் அதை க்யூசெக் என்றே படித்துவிட்டார். "மூவாயிரம்தானேடா, மணல்கூட நனையாது" என்று வெற்றிலையை மடித்துக்கொண்டே சொன்னார். போனை வாங்கி எழுத்தைப் பெரிதாக்கிக் காட்டினேன். "நடுவுல எம் இருக்கு பாருங்க பெரியப்பா. நம்ம கணக்குல இது லட்சத்தைத் தாண்டுது. முதல்ல போய் மோட்டாரைக் கழற்றி மேட்டுக்கு ஏத்துங்க."

இரண்டுமே ஆங்கிலத்தில் ஐந்தெழுத்து. மூன்றாவது மட்டும் வேறு: ஒன்றில் எஸ், மற்றதில் எம். க்யூசெக் என்றால் வினாடிக்கு ஒரு கனஅடி, அதாவது 28 லிட்டர் சொச்சம். வினாடிக்கு இரண்டு குடம் என்று வைத்துக்கொள்ளலாம். க்யூமெக் என்றால் வினாடிக்கு ஒரு கனமீட்டர், 1,000 லிட்டர். அதே குடத்தில் எழுபது! சரியாகச் சொன்னால் ஒரு க்யூமெக்குக்கு 35.3 க்யூசெக். மூவாயிரத்தைப் பெருக்கினால் 1,05,900 கனஅடி. மூவாயிரம் கனஅடி கடைமடைக்கே போய்ச் சேராது; லட்சம் கனஅடி கொள்ளிடத்தில் வந்தால் படுகை என்ன ஆகும் என்று எங்கள் ஊர்க் குழந்தையே சொல்லும்.

ஏன் இரண்டு அளவு? மத்திய நீர் ஆணையம் மெட்ரிக் கணக்கில் க்யூமெக் என்று எழுதும். நம் மாநில நீர்வளத் துறை பழைய கனஅடியை விடவில்லை. ஆறு ஒன்றுதான், நோட்டு இரண்டு.

என்னைக் கேட்டால் நம் பத்திரிகைகள் எழுதும் 'வினாடிக்கு இத்தனை கனஅடி'தான் உத்தமம். அதில் அடியும் இருக்கிறது, வினாடியும் இருக்கிறது. க்யூசெக்கில் அடிக்கு ஓர் எழுத்துகூடக் கிடையாது, கவனித்திருக்கிறீர்களா? கன, வினாடி, அவ்வளவுதான். எதன் கனம் என்பதை நாமே ஊகித்துக்கொள்ள வேண்டும். அப்புறம் சிலர் 'வினாடிக்கு பத்தாயிரம் க்யூசெக்' என்று வேறு எழுதுகிறார்கள். வினாடி இரண்டு தடவை வந்துவிடுகிறது.

டீக்கடையில் நடப்பது இதைவிடக் கூத்து. "இன்னிக்கு பத்தாயிரம் டிஎம்சி திறந்துட்டான்" என்பார்கள். ஒரு டிஎம்சி என்றால் நூறு கோடி கனஅடி. மேட்டூர் 120 அடி நிரம்பினாலே 93.47 டிஎம்சிதான். 2018-இல் உச்ச நீதிமன்றம் தமிழ்நாட்டுக்கு ஒதுக்கிய பங்கு ஒரு வருடத்துக்கே 404.25 டிஎம்சி. 'வினாடிக்கு இத்தனை கனஅடி' என்பது ஓட்டம், டிஎம்சி என்பது சேர்ந்த அளவு. வினாடிக்கு 11,574 கனஅடி வீதம் ஒரு நாள் முழுக்க ஓடினால்தான் ஒரு டிஎம்சி ஆகும்.

மதகைத் திறந்து மூடும் லஸ்கரிடம் கேட்டால் இவை எதையும் சொல்ல மாட்டார். நீர்மட்ட அளவுகோலைப் பார்த்து "கேஜ் ரெண்டடி ஏறியிருக்கு" என்பார். பெரியப்பாவுக்கு அதுவே போதும். எந்த வரப்பு வரை தண்ணீர் வரும் என்று அவரே சொல்லிவிடுவார்.