மழை விட்டதும் காருக்கு அடியில் குனிந்து பாருங்கள்

ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்து விடியற்காலையில் பனி இறங்க ஆரம்பித்ததும், வேலூர்ப் பக்கம் ஓடுகிற பல கார்களின் அடியில் புதுச் சத்தம் ஒன்று கேட்கும். வேகம் நாற்பதைத் தாண்டினால் படபடவென்று அடிக்கும். மெதுவாகப் போனால் தரையில் சரசரவென்று இழுபடும். இன்ஜினுக்குக் கீழே இருக்கும் பிளாஸ்டிக் கவர் ஒரு பக்கம் கழன்று தொங்குகிறது. நிறையப் பேர் அதைப் பிய்த்து டிக்கியில் போட்டுவிட்டு ஓட்டுகிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். தொங்கும்போதே கவனித்தால் நாலு கிளிப், இரண்டு போல்ட்டோடு முடிகிற வேலை அது.

அந்தக் கவர் அழகுக்கு இல்லை. முன் சக்கரம் வாரி அடிக்கிற தண்ணீரும் ஜல்லியும் பெல்ட், பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டர், ஏசி கம்ப்ரசர் மேல் படாமல் தடுப்பது அதுதான். கவர் இல்லாத காரில் மழைநாளில் பெல்ட் நனைந்து வழுக்கி 'கீச்' என்று கத்தும். பெல்ட்டுக்கும் புல்லிக்கும் நடுவே மணல் புகுந்தால் இரண்டும் தேயும்.

கவர் கழல்வதற்குப் பள்ளத்தைத்தான் எல்லோரும் குறை சொல்கிறார்கள். பாதாளச் சாக்கடைக்குத் தோண்டி அரைகுறையாக மூடிய தெருக்கள் நம்மூரில் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் முதல் காரணம் பெரும்பாலும் ஆயில் மாற்றிய இடத்தில் இருக்கிறது. கவரைக் கழற்றும்போது பத்து போல்ட் கழற்றுவார்கள், மாட்டும்போது ஆறுதான் திரும்பும். மாட்டிய அந்த ஆறும் ஆறு மாதம் தாங்கும். மழை வந்ததும், முட்டளவுத் தண்ணீரில் கார் வேகமாகப் போகும்போது, கவரின் முன் விளிம்பு முறம் மாதிரி தண்ணீரை அள்ளும். வேகம் இரண்டு மடங்கானால் தண்ணீர் தள்ளுகிற விசை நாலு மடங்காகும். போல்ட் இல்லாத மூலைதான் முதலில் கிழியும். ஆகவே சர்வீஸ் முடிந்து வண்டியை எடுக்கும்போது, ரேம்ப்பில் இருக்கும்போதே போல்ட்டை எண்ணிப் பார்த்துவிடுங்கள்.

அடுத்தது வேகத்தடை. சாலைகளுக்கு விதிமுறை வகுக்கும் இந்திய சாலைக் காங்கிரஸ் சொல்லும் அளவு 10 செ.மீ. உயரம், 3.7 மீட்டர் அகலம். ஊர் எல்லையில் தார் கொட்டி மேடாக்கியவற்றில் அந்த அகலம் இருக்காது. பிரேக்கை மிதித்தபடியே ஏறினால் காரின் மூக்கு தாழ்ந்து கவர் உரசும். முன் சக்கரம் ஏறும் முன்பே பிரேக்கை விட்டுவிட வேண்டும்.

சரிபார்க்க பிட் அல்லது ரேம்ப் உள்ள இடமே நல்லது. வெறும் ஜாக்கியை மட்டும் நம்பி எந்தக் காரணத்துக்கும் கீழே நுழையாதீர்கள், ஸ்டாண்ட் கட்டாயம். கவரை ஒவ்வொரு மூலையிலும் பிடித்து ஆட்டுங்கள். பெரும்பாலும் 10 நம்பர் ஸ்பானரில் திரும்பும் 6 எம்எம் போல்ட்டும், நடு ஊசியை அழுத்தி மாட்டும் பிளாஸ்டிக் கிளிப்பும்தான் இருக்கும். கிளிப் வாங்கும் முன் ஓட்டையின் விட்டத்தை அளந்துகொள்ளுங்கள். 7 எம்எம் ஓட்டையில் 6 எம்எம் கிளிப் நிற்காது. ஓட்டை கிழிந்து அகன்றிருந்தால் 25 எம்எம் அகல வாசர் ஒன்றை வைத்து முடுக்கலாம். கையால் இறுக்கி, பிறகு ஸ்பானரில் கால் சுற்று போதும். பிளாஸ்டிக்கை நசுக்கினால் அடுத்த விரிசல் அங்கேதான் தொடங்கும்.

கட்டுக்கம்பி போட்டுக் கட்டுவது இங்கே வழக்கம். ஓடும்போது அது ரம்பம் மாதிரி பிளாஸ்டிக்கை அறுக்கும், பக்கத்து ஏசி பைப்பையும் உரசும். வழியில் கழன்றால் அகலமான கறுப்பு கேபிள் டை போட்டு வீடு வந்து சேருங்கள், அவ்வளவுதான் அதற்கு வேலை.

விரிசல் விட்டிருந்தால் கவரைத் திருப்பிப் பாருங்கள். 'பிபி' என்ற முத்திரை இருந்தால் அது பாலிபுரொப்பிலீன். அதன்மேல் சாதாரண ஃபெவிக்விக்கோ அரால்டைட்டோ நிற்காது, இரண்டே நாளில் தோல் மாதிரி உரிந்து வரும். விரிசலின் நுனியில் 3 எம்எம் துளை போட்டால் அது மேலே ஓடாது. பிறகு உள்பக்கம் மெல்லிய ஸ்டீல் வலைத்துண்டை வைத்து, சால்டரிங் அயர்னால் சூடாக்கிப் பதித்து, அதே ரக பிளாஸ்டிக்கை உருக்கி மூட வேண்டும். பம்பர் ஒட்டுகிறவர்களுக்கு இந்த வேலை தெரியும்.

பனி நாடுகளில் சாலையில் தூவும் உப்பு காரின் அடியைத் தின்னும். இங்கே அந்த வேலையைச் சேறு செய்கிறது. சக்கரத்துக்கு மேல் இருக்கும் லைனருக்குப் பின்னால், கதவுக்கு முன்கீழ் மூலையில், கையளவு சேறு அடைந்து மாதக்கணக்கில் ஈரத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும். லைனரின் பின்பாதிக் கிளிப்பைக் கழற்றி அதைக் கையால் வாரி எடுங்கள். மேலோட்டமாகத் தண்ணீர் பீய்ச்சினால் அது இன்னும் உள்ளே போகும். கதவுக்குக் கீழே தண்ணீர் வடியும் துளைகளைத் தென்னை ஈர்க்குச்சியால் குத்திவிடுங்கள். நன்றாகக் காய்ந்த பிறகுதான் அண்டர்கோட்டிங், அதாவது காரின் அடியில் அடிக்கும் துருத்தடுப்புப் பூச்சு. ஈரச் சேற்றின் மேல் அடித்தால் துருவை உள்ளே வைத்துப் பூட்டியதாகிவிடும். சைலன்சர், பிரேக் டிஸ்க், வடிதுளை ஆகியவற்றில் அது படக்கூடாது.

சைலன்சருக்கு மேல் மெல்லிய அலுமினியத் தகடு ஒன்று இருக்கும், வெப்பம் மேலே ஏறாமல் தடுக்க. அதன் ஓட்டை அரித்துப் போனால் கிணுகிணுவென்று ஆடும். சத்தத்துக்காகக் கழற்றி எறியாதீர்கள், அகல வாசர் போட்டால் நிற்கும்.

தை, மாசியில் அணைக்கட்டு, ஒடுகத்தூர், பேரணாம்பட்டு பக்கம் போகிறவர்களுக்கு இந்தத் தகடும் கவரும் இன்னும் முக்கியம். கேழ்வரகு, கொள்ளு அறுத்துச் சாலையிலேயே பரப்பியிருப்பார்கள். கொள்ளுக்கொடி முன் சக்கர அச்சில் கயிறு மாதிரி சுற்றிக்கொள்ளும், தொங்கும் கவரின் விளிம்பில் சிக்கிச் சைலன்சர் பக்கம் போய் அடையும். புகையைச் சுத்தம் செய்யும் கேடலிட்டிக் கன்வர்ட்டரின் உள்ளே 400 டிகிரிக்கு மேல் சூடு இருக்கும். காய்ந்த கொடி பற்றிக்கொள்ள அது தாராளம். பரப்பிய இடத்தைத் தாண்டியதும் வெறும் மண்ணில் நிறுத்தி, இன்ஜினை அணைத்துக் குனிந்து பாருங்கள். சிக்கியிருந்தால் சூடு ஆறியபின் குச்சியால் இழுத்துப் போடுங்கள். கருகல் வாடை வந்தால் முதலில் எல்லோரையும் இறக்கித் தூரமாக நிறுத்துங்கள். பானெட்டைத் திறக்காதீர்கள், காற்று புகுந்தால் தீ எழும்பும்.