ஆறாவது பந்துவீச்சாளர் எங்கே?

இன்றைய ஆட்டத்துக்கு அணி எழுதிய தாளைப் பார்த்தேன். ஏழு மட்டையாளர்கள், பந்து வீச நான்கே பேர்.

இருபது ஓவர் ஆட்டத்தில் ஒருவர் நான்கு ஓவர்தான் வீசலாம். ஐந்து பேர் கட்டாயம். அதில் ஒருவர் அடி வாங்கினால்? ஆறாவது கை வேண்டும்.

அதனால் மட்டையும் பிடித்துப் பந்தும் வீசும் ஆல்ரவுண்டர்களைத்தான் முதலில் எழுத வேண்டும் என்பேன்.

2024 இருபது ஓவர் உலகக் கோப்பை இறுதி ஆட்டம், தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக. இந்தியா 34 ரன்னுக்கு 3 விக்கெட். தென்னாப்பிரிக்காவின் கேசவ் மகராஜின் சுழல் வலக்கையருக்கு வெளியே திரும்பும், இடக்கையருக்கு உள்ளே வரும். அதனால் இடக்கையரான ஆல்ரவுண்டர் அக்சர் படேலை ஐந்தாவதாக இறக்கினார்கள். 31 பந்தில் 47!

பந்துவீச்சில் அவர் 49 ரன் கொடுத்தார். சரி, கடைசி ஓவருக்கு ஹர்திக் பாண்டியா இருந்தாரே. அவரும் ஆல்ரவுண்டர்தான்.