பொன்னி மிரண்ட இரவுகள்

இரவு இரண்டே முக்கால் மணிக்குக் கூடத்திலிருந்து வந்த சத்தத்தைக் கேட்டு யாரோ வீட்டுக்குள் புகுந்துவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன். தகரத்தைப் பிடித்து உலுக்குவது போன்ற படபடப்பு. இடையிடையே கம்பியில் எதுவோ வந்து மோதும் ஓசை. ஓடிப்போய் விளக்கைப் போட்டேன். பொன்னி கூண்டின் அடித்தட்டில் இறக்கைகளை விரித்தபடி கிடந்தாள். அலகு திறந்திருந்தது. நெஞ்சு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. கூண்டை ஒட்டிய சுவரில் பொட்டுப் பொட்டாக ரத்தம்.

பொன்னி ஒரு காக்டீல், தலையில் கொண்டை உள்ள சிறிய கிளி இனம்; அதிலும் லுட்டினோ என்னும் மஞ்சள் நிற வகை. உடம்பெல்லாம் வெளிர் மஞ்சள், கன்னத்தில் ஆரஞ்சு வட்டம், தொண்ணூற்றிரண்டு கிராம் எடை. அந்த ரத்தத்தைப் பார்த்ததும் நான் செய்த முதல் காரியமே தவறு. கூண்டைத் திறந்து கையை உள்ளே விட்டேன். ஏற்கெனவே உயிருக்குப் பயந்து அடித்துக்கொண்டவளுக்கு அந்தக் கை என்னுடையது என்று எப்படித் தெரியும்? மறுபடியும் ஒரு சுற்று அடித்துக்கொண்டாள். அதன் பிறகுதான் கையை எடுத்துக்கொண்டு, கூண்டுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, பகலில் அவளோடு பேசும் அதே குரலில் பேச ஆரம்பித்தேன். அம்மா எழுந்து வந்து, “கையை வைக்காதேடி, அதுவே ஏறி உட்காரட்டும்” என்றாள். சில நிமிடங்களில் கம்பியைப் பிடித்துப் பிடித்து மேலே ஏறிக் குச்சியில் உட்கார்ந்தாள். இடது இறக்கையின் ஓரத்திலிருந்து ரத்தம் கசிந்துகொண்டிருந்தது.

முளைத்துக்கொண்டிருக்கும் புது இறகின் தண்டுக்குள் ரத்தம் ஓடும். அது ஒடிந்தால் திறந்த குழாய் போலக் கசியும். பறவையின் உடலில் இருக்கும் ரத்தம் அதன் எடையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான்; பொன்னியின் உடம்பில் மொத்தமாகவே இரண்டு தேக்கரண்டிக்கும் குறைவு. நமக்குச் சில துளிகளாகத் தெரிவது அவளுக்குச் சில துளிகள் அல்ல. அம்மா துவாலையில் மெதுவாகச் சுற்றிப் பிடித்துக்கொள்ள, நான் சோள மாவைத் தொட்டு வைத்துச் சுத்தமான துணியால் அழுத்திக்கொண்டிருந்தேன். நின்றது. நிற்காமல் போயிருந்தால் விடியும்வரை காத்திருக்காமல் மருத்துவரிடம் ஓடியிருக்க வேண்டும். ஒடிந்த இறகை நாமே பிடுங்கிவிடலாம் என்று சிலர் சொல்வார்கள். தயவுசெய்து வேண்டாம். அது மருத்துவர் கையில் நடக்க வேண்டிய வேலை.

இதற்கு இரவு மிரட்சி என்று பெயர் வைத்துக்கொள்ளலாம். லவ் பேர்ட்ஸ், பட்ஜி, புறா எல்லாவற்றுக்கும் வரக்கூடியதுதான். ஆனால் காக்டீல்களிடம்தான் மிக அதிகம். அதிலும் லுட்டினோ வகை சுலபமாக மிரளும் என்பது வளர்ப்பவர்கள் பலரும் சொல்வது. “கனவு கண்டிருக்கும்” என்று சொல்லிவிட்டுத் திரும்பப் படுத்துக்கொள்வது எனக்கு ஒப்புக்கொள்ள முடியாத ஒன்று. கனவோ இல்லையோ, நமக்குத் தெரிந்த காரணம் வேறு. காக்டீல் பகலில் வாழும் பறவை. அதன் கண் வெளிச்சத்தில் நம்மைவிட அதிக வண்ணங்களைப் பார்க்கும், இருட்டில் தடுமாறும். ஆஸ்திரேலியாவின் வறண்ட வெளிகளில் கூட்டமாகத் தரையில் விதை பொறுக்கும் அதன் இனத்துக்கு, ஆபத்து என்றால் தெரிந்த ஒரே வழி சட்டென்று மேலே எழும்பிப் பறப்பது. அங்கே மேலே வானம் இருக்கிறது. என் வீட்டில் ஓரடி உயரத்தில் கம்பி இருந்தது. மோதிக் கீழே விழுகிறது, எங்கே விழுந்தோம் என்று தெரியவில்லை, குச்சி எந்தப் பக்கம் என்று தெரியவில்லை, மறுபடியும் எழும்புகிறது. ஒரு நொடிப் பயம் இருட்டினால்தான் ஐந்து நிமிட அடிதடியாகிறது.

இது புரியாமல் நான் செய்த இரண்டாவது தவறு, மறுநாளே தடித்த கறுப்புத் துணியால் கூண்டை நாலாபுறமும் மூடியது. எதுவும் கண்ணில் படாவிட்டால் பயப்பட மாட்டாள் என்று கணக்குப் போட்டேன். அடுத்த மூன்று வாரங்களில் நான்கு முறை மிரண்டாள். இப்போது நினைத்தாலும் மனசு பிசைகிறது.

பிறகுதான் விடிவிளக்கு வாங்கி வைத்தேன். கூண்டுக்குள் நேரடியாக அடிக்காமல், எதிர்ச் சுவரில் பட்டு மங்கலாகத் திரும்பும்படி. அந்த வெளிச்சம் எவ்வளவு போதும் என்பதை நானே கூண்டுக்குப் பக்கத்தில் முகத்தை வைத்துப் பார்த்துத்தான் முடிவு செய்தேன்: குச்சியின் விளிம்பு கண்ணுக்குத் தெரிய வேண்டும், தூக்கம் கெடக் கூடாது. கூண்டின் மேற்புறமும் பின்புறமும் மூடியிருக்கும், முன்புறம் விளக்கைப் பார்த்தபடி திறந்திருக்கும். மின்சாரம் போனால் திடீர் இருட்டே ஒரு மிரட்டல் என்பதால், மின்கலத்தில் தானாக எரியும் விளக்கு ஒன்றும் உண்டு.

அடித்துக்கொள்ளும் நேரம் ஐந்து நிமிடத்திலிருந்து சில விநாடிகளாகக் குறைந்தது. ஆனால் மிரள்வது நிற்கவில்லை. எது அவளை எழுப்புகிறது?

ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுத ஆரம்பித்தேன். நேரம், மழையா, மின்விசிறி ஓடியதா, ஜன்னல் திரை விலகியிருந்ததா. முதலில் சந்தேகம் வாகன விளக்கின் மேல். தெருமுனையில் திரும்பும் வண்டியின் வெளிச்சம் திரையின் இடுக்கு வழியாக நுழைந்து, கூண்டுக் கம்பிகளின் நிழலைச் சுவர் முழுக்க ஓடவிடும். அதை நானே விழித்திருந்து பார்த்தேன். கூண்டையே உள்சுவர்ப் பக்கம் நகர்த்தினேன். குறைந்தது. ஆனால் முழுவதும் போகவில்லை.

மீதிக் காரணம் தம்பியின் கைப்பேசி. கூண்டு நிற்கும் மர அலமாரியின் கீழ்த்தட்டில்தான் அவன் இரவில் அதை மின்னேற்றியில் போட்டுவைப்பான். சத்தம் வராமல் அதிர்வில் வைத்திருந்ததால் யாருக்கும் அது தோன்றவே இல்லை. ஒருநாள் பகலில் அலமாரியின் மேல் கையை ஊன்றி நின்றபோது செய்தி வந்தது. காதுக்கு எதுவும் கேட்கவில்லை, உள்ளங்கையில் மட்டும் ‘ர்ர்ர்’ என்று மரம் துடித்தது. நிமிர்ந்து பார்த்தால் பொன்னியின் தலைக்கொண்டை விறைத்து நிமிர்ந்திருந்தது. பறவைகளின் காலில் அதிர்வை உணரும் நுண்ணிய உறுப்புகள் உண்டு. ஹெர்ப்ஸ்ட் என்ற பெயரால் குறிப்பிடுவார்கள். கிளையில் தூங்கும்போது எதுவாவது ஏறி வந்தால் காதுக்கு முன்னால் கால் சொல்லிவிடும். பாவம், என் பொன்னிக்கு ஒவ்வொரு நள்ளிரவுச் செய்தியும் மரமேறி வரும் பாம்பாக இருந்திருக்கிறது. தம்பி ஒரு வார்த்தை பேசாமல் கைப்பேசியை அன்றே தன் அறைக்கு எடுத்துப் போனான்.

நோட்டில் அதன் பிறகு எழுத அதிகம் இல்லை. உயரக் குச்சிக்குப் பக்கத்தில் தொங்கிய ஊஞ்சலையும் மணியையும் மாலையில் கழற்றிவிடுகிறேன், எழும்பினால் மோதாமல் இருக்க. பத்திலிருந்து பன்னிரண்டு மணி நேரம் அமைதியாகத் தூங்க வேண்டும் என்பதால் தினமும் ஒரே நேரத்தில் திரை விழும். மின்விசிறியின் சீரான ஓசை திடீர்ச் சத்தங்களை மழுக்குகிறது. காற்று மட்டும் அவள்மேல் நேராகப் படக் கூடாது. உங்கள் பறவை இத்தனைக்குப் பிறகும் இரவில் நிலைகொள்ளாமல் தவித்தால், ஒரு இரவு கூண்டின்மேல் வெள்ளைத் துணி போட்டு, காலையில் அதன் மடிப்புகளில் சிவப்புப் புள்ளிகள் ஊர்கின்றனவா என்று பாருங்கள். பகலில் இடுக்குகளில் ஒளிந்து இரவில் ரத்தம் குடிக்கும் உண்ணிகள் அவை. அப்படி இருந்தால் எந்த விளக்கும் உதவாது, மருத்துவர்தான். பல பறவைகள் ஒரே கூண்டில் இருந்தால் ஒன்று மிரண்டாலே எல்லாம் மிரளும் என்பதையும் மறக்காதீர்கள்.

போன வாரம் நள்ளிரவில் பெரிய இடி ஒன்று விழுந்தது. நான் படுக்கையிலிருந்து எழுவதற்குள் ஒரே ஒரு படபடப்பு கேட்டது. போய்ப் பார்த்தபோது மங்கலான வெளிச்சத்தில் பொன்னி பாதிக் கம்பியில் தொற்றிக்கொண்டு, தலையைத் திருப்பிக் குச்சியைத் தேடிக்கொண்டிருந்தாள். கண்டாள், ஒரு காலை நீட்டிப் பிடித்தாள், மறு காலையும் இழுத்துக்கொண்டாள். உடம்பைச் சிலிர்த்து உதறினாள். நான் கதவோரத்திலேயே நின்றுகொண்டேன். கொஞ்ச நேரத்தில் அந்தச் சத்தம் வந்தது: தூக்கம் வருமுன் நிம்மதியாக இருக்கும்போது மட்டும் அலகை அலகோடு தேய்க்கும் அந்த ‘கரக் கரக்’.