செகண்ட் சர்வ் கைக்கு வர ஏழு மாதம், அதில் மூன்று மாதம் வீண்

போன வாரம் டென்னிஸில் ஆடிய ஒரு முழு செட்டில் எனக்கு டபுள் ஃபால்ட் (முதல் சர்வும், இரண்டாவது வாய்ப்பான செகண்ட் சர்வும் தவறிப் புள்ளியை இழப்பது) இரண்டே இரண்டு. அந்த மகிழ்ச்சி இன்னும் அடங்கவில்லை. ஏழு மாதத்துக்கு முன்னால் ஒரே கேமில் நான்கு டபுள் ஃபால்ட் போட்டேன். எதிரில் நின்றவர் ஒரு பந்தைக்கூட தொடாமலே கேமை எடுத்துக்கொண்டு போனார். அன்றைக்கே பந்தைச் சுழலவிட்டு அடிக்கும் ஸ்பின் சர்வ் கற்பது என்று முடிவு செய்துவிட்டேன்.

கான்டினென்டல் கிரிப் (ராக்கெட்டைச் சுத்தியல் போலப் பிடிப்பது) பிடிக்க வேண்டும், பந்தை நேராக மோதாமல் மேல்நோக்கி வழித்துவிட வேண்டும் என்பதெல்லாம் டென்னிஸ் ஆடுகிற எல்லாரும் கேட்டதுதான். நான் மாட்டிக்கொண்ட இடங்களை மட்டும் சொல்கிறேன். நான் வலதுகைக்காரன்; இடதுகைக்காரர்கள் திசையை மாற்றிக்கொள்ளுங்கள்.

முதலில் கிரிப். நான் சரியாகத்தான் பிடிக்கிறேன் என்று நம்பியிருந்தேன். போனை வேலியில் சாய்த்து வைத்து ஸ்லோமோஷனில் எடுத்துப் பார்த்தால் வேறு கதை தெரிந்தது. பந்தைத் தரையில் தட்டும்போது சரியாக இருக்கிற கை, ராக்கெட் முதுகுக்குப் பின்னால் இறங்கும்போது மெல்ல நழுவி, பழைய ஃபோர்ஹேண்ட் பிடிக்கே போய்விடுகிறது. அந்தப் பிடியில் பந்தைத் தள்ளத்தான் முடியும், வழிக்க வராது. கைப்பிடியில் எட்டுப் பட்டைகள் இருக்கின்றன அல்லவா, மேல் பட்டைக்கு வலப்பக்கம் சரிந்திருக்கும் பட்டையில் ஆள்காட்டி விரலின் அடிமுட்டி உட்கார வேண்டும். அங்கே பேனாவால் ஒரு கோடு போட்டேன். ஒவ்வொரு சர்வ் முடிந்ததும் கையை அசைக்காமல் அந்தக் கோட்டைப் பார்ப்பேன். முட்டி நகர்ந்திருந்தால், பந்து உள்ளே விழுந்திருந்தாலும் அதை எண்ண மாட்டேன். இறுக்கிப் பிடித்தால் நழுவாது என்று நினைத்து முன்கை வலித்ததுதான் மிச்சம். இதற்கே ஆறு வாரம் போனது.

அடுத்த மூன்று மாதத்தை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது. ஒரு கோச்சிடம் போனேன். அவர் இரண்டு விஷயங்களைத் திரும்பத் திரும்பச் சொன்னார்: மணிக்கட்டை முன்னால் மடக்கிப் பந்தைக் கீழே அடி, செகண்ட் சர்வ் என்றால் வேகத்தைக் குறைத்துப் பத்திரமாகப் போடு. இரண்டையும் அப்படியே செய்தேன். பாதிப் பந்து நெட்டில், மீதி கோட்டுக்கு வெளியே. காரணம் பிறகுதான் புரிந்தது. நெட்டுக்கும், சர்வ் தாண்டக்கூடாத சர்வீஸ் கோட்டுக்கும் நடுவே 6.4 மீட்டர்தான் இருக்கிறது. நெட்டுக்கு நல்ல உயரத்தில் பறக்கிற பந்து அதற்குள் விழ வேண்டுமானால், அதைக் கீழே இழுக்க ஏதாவது வேண்டும். மெதுவாகப் போனால் புவியீர்ப்பே இழுத்துவிடும், ஆனால் அந்தப் பந்து எதிராளிக்கு விருந்து. கொஞ்சம் வேகத்தோடும் போக வேண்டும், உள்ளேயும் விழ வேண்டும் என்றால் மேல்சுழற்சிதான் (பந்து முன்னோக்கி உருண்டபடி பறப்பது) வழி. அப்படிச் சுழலும் பந்தைக் காற்றே கீழே அழுத்துகிறது. இதைத்தான் மேக்னஸ் விளைவு என்கிறார்கள். அந்தச் சுழற்சி ராக்கெட் வேகத்திலிருந்துதான் வருகிறது. வேகத்தைக் குறைத்த கணமே சுழற்சி செத்துப்போகும். ஆகவே செகண்ட் சர்வுக்கும் முழு வேகத்தில் வீசுங்கள், வீச்சின் திசையை மட்டும் மேல்நோக்கி மாற்றுங்கள். மணிக்கட்டை வேண்டுமென்றே மடக்க வேண்டாம். முன்கை சுழல்வது வீச்சோடு தானாக நடக்கும்.

அப்புறம் டாஸ், அதாவது அடிப்பதற்காகப் பந்தை மேலே எறிவது. ஃபர்ஸ்ட் சர்வுக்குப் போடுவது போல முன்னால் தள்ளிப் போட்டுவிட்டு, எப்படி மேல்நோக்கி வழிக்க முடியும்? பந்து கிட்டத்தட்ட தலைக்கு நேர் மேலே வர வேண்டும். இதில் ஒரு எரிச்சல்: டாஸைப் பிடித்துவிட்டால் ஃபால்ட் என்று கூட ஆடிய ஒருவர் சொன்னதை நம்பி, பல வாரம் மோசமான டாஸையெல்லாம் துரத்தி அடித்துக்கொண்டிருந்தேன். விதி அப்படி இல்லை. ராக்கெட்டை வீசாதவரை பந்தைப் பிடிக்கலாம், கீழே விழவும் விடலாம். வீசித் தவறவிட்டால்தான் ஃபால்ட். இதை முதல் நாளே தெரிந்துகொள்ளுங்கள்.

விடிவு வந்தது சர்வீஸ் கோட்டில் மண்டியிட்டு அடித்தபோது. மண்டிக்குக் கீழே மடித்த துண்டு. அந்த உயரத்திலிருந்து கீழ்நோக்கி அடித்தால் பந்து பெரும்பாலும் நெட்டில்தான் மாட்டும், மேலே அடிக்கத்தான் வேண்டியிருக்கும். பந்தைப் பின்னாலிருந்து ஒரு கடிகாரமாக நினைத்து, 8 மணியிலிருந்து 2 மணிக்கு வழித்தேன். முதல் இருபது பந்துகளில் சில ராக்கெட்டின் விளிம்பில் பட்டு எங்கெங்கோ பறந்தன. அதற்குப் பயப்படாதீர்கள், விளிம்பு முன்னே போகிறது என்பதற்கு அது அடையாளம். அப்புறம் ஒரு பந்தில் வழக்கமான ‘டப்’ சத்தம் வரவில்லை. ராக்கெட் நரம்பில் துணி உரசியது போல ‘ஸ்ஸ்க்’ என்று ஒரு சத்தம். பந்து நெட்டுக்கு ஒரு ஆள் உயரம் மேலே போனது, வெளியேதான் விழப்போகிறது என்று நினைத்தேன், சட்டென்று தலைகுப்புறக் கவிழ்ந்து, சர்வ் விழ வேண்டிய பெட்டிக்குள் விழுந்து துள்ளியது. நரம்பில் மஞ்சள் பஞ்சு ஒட்டியிருந்தது. அதே சத்தத்தைத் தேடித்தான் அன்று இருட்டும்வரை அடித்தேன்.

மண்டியிலிருந்து எழுந்து நின்று, கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் நகர்ந்து பேஸ்லைனுக்கு (மைதானத்தின் பின்கோடு) வந்தது பெரிய சிரமமாக இல்லை. நடுவே ஆசைப்பட்டு, விழுந்ததும் உயரமாகத் துள்ளும் கிக் சர்வ் முயன்றேன். டாஸை இடப்பக்கம் தள்ளிப் போட்டு, முதுகை வில்லாக வளைத்து அடித்ததில் இடுப்பு பிடித்துக்கொண்டு இரண்டு வாரம் ராக்கெட்டைத் தொடவில்லை. ஸ்லைஸும் (பக்கச்சுழற்சி) டாப்ஸ்பின்னும் (மேல்சுழற்சி) கலந்த சர்வ் முதலில் நிலைக்கட்டும், கிக் காத்திருக்கும். இன்னொன்று, பஞ்சு தேய்ந்த பழைய பந்தில் பழகாதீர்கள். நரம்பு அதைச் சரியாகப் பிடிக்காது, நீங்கள் சரியாக வழித்தும் பந்து சுழலாமல் போகும்.

இப்போது வாரம் இரண்டு நாள், பக்கத்துக்கு 50 பந்து, செகண்ட் சர்வ் மட்டும். நேற்று டியூஸ் பக்கம் (வலப்பக்கம்) நின்று அடித்ததில் 50க்கு 41 உள்ளே. அட்வான்டேஜ் பக்கம் (இடப்பக்கம்) 33தான். அங்கே உடம்பு சீக்கிரம் திரும்பிவிடுகிறது என்று வீடியோவில் தெரிகிறது, அடுத்த மாதம் முழுக்க அந்தப் பக்கம்தான்.